ஓடையை விட்டு ஏறமாட்டோம்

எங்கள் ஊர் ஓடையைச் சுத்தம் செய்தது யார் என்று இன்றைக்குக் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். பஞ்சாயத்து என்பார் ஒருவர். கம்பெனி என்பார் இன்னொருவர். ஊரே ஒன்றுகூடிச் செய்தது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்கிறவர்களும் உண்டு. செய்தது நாங்கள். நாங்கள் என்றால், வீட்டில் படகு இல்லாத, அல்லது ஆணே இல்லாத ஏழெட்டுப் பெண்கள். காதில் விழுகிற பொய்யை விழுங்கிவிட்டுப் போகிற சுபாவம் எனக்கு இல்லை. அதனால் எழுதுகிறேன்.

ஊர் பொன்னேரிக்குக் கிழக்கே, பழவேற்காட்டு ஏரிக்கரையில் இருக்கிறது. ஏரி என்று பேர்தான், தண்ணீர் உப்பு. கடல் ஏறினால் ஏரியும் ஏறும், கடல் இறங்கினால் ஏரியும் இறங்கும். மேற்கே வயல் பக்கமிருந்து மழைத் தண்ணீரைக் கொண்டுவருகிற ஓடை எங்கள் ஊரை ஒட்டிப் போய் அந்த ஏரியில் விழுகிறது. ஏற்றத்தின்போது உப்புத் தண்ணீர் ஓடைக்குள் வெகுதூரம் வரும். நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலக்கிற அந்த இடத்தில்தான் இறால் குஞ்சு தங்கி வளரும். நான் கல்யாணமாகி வந்த புதிதில் இந்த ஊர்ப் பெண்கள் ஓடையில் குந்தி, கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வலை வேண்டாம், படகு வேண்டாம். இரண்டு கையையும் சேற்றுக்குள் விட்டு மெல்ல நகர்த்திக்கொண்டே போக வேண்டும். விரலில் துள்ளுவது தெரிந்ததும் அமுக்கிவிட வேண்டும். நானும் பழகிக்கொண்டேன்.

பிறகு பெரிய மழை வந்த ஒரு வருடம் ஓடையின் வாயை மண் மூடியது. மூடிய மண்ணில் வேலிகாத்தான் முளைத்தது. சீமைக்கருவேலத்துக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பேர். வாய் அடைபட்டதும் உப்புத் தண்ணீர் உள்ளே வருவது நின்றுபோனது. மேற்கே புதிதாக வந்த வீடுகளின் சாக்கடை வந்து தேங்கியது. தேங்கிய தண்ணீரில் ஆகாயத்தாமரை படர்ந்தது. ஓடை இருந்த இடத்தில் கரையெல்லாம் முள்ளும் நடுவே பச்சைப் பாயும்தான் தெரிந்தன. அது ஊதாப் பூ பூக்கும்போது வெளியூர்ப் பிள்ளைகள் பைக்கில் வந்து செல்ஃபி எடுத்துக்கொண்டு போனார்கள். எங்கள் வயிற்றெரிச்சல் அந்தப் படத்தில் விழுந்திருக்காது.

மீனவன் என்றால் கடலில்தான் சாவான் என்று வெளியே இருப்பவர்களுக்கு ஒரு நினைப்பு. என் வீட்டுக்காரர் கும்மிடிப்பூண்டிச் சாலையில், கம்பெனி வேனுக்காக நின்ற இடத்தில், லாரி இடித்துச் செத்தார். எங்கள் ஊரில் மீன் பிடிக்கிற இடத்துக்குப் பாடு என்று பேர். எந்த நாளில் எந்த வீட்டுக்கு எந்தப் பாடு என்பதைக் கோயில் முன்னால் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்வார்கள். என் வீட்டுக்காரர் தன் பாட்டு நாளில் ஏரிக்குப் போவார், மற்ற நாளில் கம்பெனியில் மூட்டை தூக்கப் போவார். ஏரியை மட்டும் நம்பி யாரும் இருக்க முடியாத காலம் எப்போதோ வந்துவிட்டது.

அவர் போனதோடு எங்கள் வீட்டுப் பங்கும் போயிற்று. பாட்டில் பங்கு ஆண்களுக்குத்தான். மகன் இருந்தால் அவனுக்கு வரும். எனக்கு மகள். பங்கு என் கொழுந்தனுக்குப் போய், அவன் பேரில் இரண்டு சீட்டு விழ ஆரம்பித்தது. அவன் கெட்டவன் இல்லை. தீபாவளிக்கு மகளுக்குத் துணி எடுத்துத் தருவான், மீன் நிறைய விழுந்த நாளில் ஒரு பங்கு வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போவான். வாங்கிக்கொள்வேன். ஆனால் என் வீட்டில் அடுப்பு எரிவது இன்னொருவருடைய நல்ல மனசைப் பொறுத்தது என்பது எனக்கு ஒருநாளும் ஜீரணமாகவில்லை.

அதனால் நானும் கம்பெனி வேன் ஏறினேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், பிளாஸ்டிக் டப்பாவுக்கு மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று அழுத்திப் பார்க்கிற வேலை. நின்றுகொண்டே பார்க்க வேண்டும். உட்கார்ந்தால் சூப்பர்வைசர் வந்து நாற்காலியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஒருநாள் காலை வேன் எங்கள் நிறுத்தத்தில் நிற்காமல் போனது. ஓட்டுநர் என்னைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே போனார். காண்ட்ராக்ட் முடிந்ததை எனக்கு அப்படித்தான் சொன்னார்கள்.

மகள் அப்போது பொன்னேரியில் காலேஜில் சேர்ந்திருந்தாள். எனக்குத் தெரிந்த வேலை இறால் தடவுவது. ரயில் பிடித்து எண்ணூர்ப் பக்கம் போய் அங்குள்ள உப்பங்கழியில் இறங்கினால், அந்த ஊர்ப் பெண்கள் உங்கள் ஊரில் தண்ணீர் இல்லையா என்று விரட்டினார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நியாயமான கேள்வி. எங்கள் ஊரில் தண்ணீர் இருந்தது, முள்ளுக்கு அடியில்.

அரிவாளோடு ஓடை வாய்க்குப் போனேன். முதலில் தனியாகத்தான் போனேன். கைக்கு எட்டினதையெல்லாம் வெட்டினேன். முள் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறும், உள்ளேயே ஒடிந்து சீழ் பிடிக்கும். வெட்டின இடம் வெளிச்சமாகத் தெரிந்ததில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெருமை ஒரு மழைவரைக்கும் இருந்தது. மழை பெய்ததும் ஒவ்வொரு கட்டையிலிருந்தும் பத்துக் கிளை கிளம்பி, வெட்டுவதற்கு முன்பு இருந்ததைவிட அடர்த்தியாக நின்றது.

எதிர்வீட்டு அக்கா வந்து பார்த்தாள். கருவாடு விற்கிறவள், வாய் கொஞ்சம் நீளம். புருஷன் இருக்கிறார், ஆனால் படகை விற்றுக் குடித்துவிட்டார்.

"இன்னாம்மா இது," என்றாள். "மொட்ட அடிச்சா மயிரு மொளைக்காம பூடுமா? வேரோட புடுங்கணும்."

"நான் ஒருத்தி எப்படிப் புடுங்கறது?"

"நீ ஒருத்தி புடுங்குன்னு யாரு சொன்னா? கேட்டாத்தான வருவாங்க. நீ யாராண்டயும் வாயத் தொறந்து கேக்க மாட்ட. ரோசம்."

மறுநாள் அவள் கடப்பாரையோடு வந்தாள். அவள் கேட்டதால் இன்னும் சிலர் வந்தார்கள். கரைவலை இழுக்கிற பழைய கயிறு ஒன்று என் வீட்டில் கிடந்தது. வேரைச் சுற்றி மண்ணைத் தோண்டி, தூரில் கயிற்றைக் கட்டி, வரிசையாக நின்று இழுத்தோம். கரைவலை இழுப்பது ஆண்கள் வேலை. கரையில் நின்று பார்த்துப் பார்த்து எங்களுக்கும் அது கைக்குள் இருந்திருக்கிறது. அக்கா முதலில் நின்று குரல் கொடுப்பாள், நாங்கள் காலை ஊன்றிப் பின்னால் சாய்வோம். வேர் அறுகிற சத்தம் மண்ணுக்குள்ளிருந்து வரும். திடீரென்று மொத்தமும் பிடுங்கிக்கொண்டு வரும், நாங்கள் எல்லாரும் சேற்றில் மல்லாந்து கிடப்போம். என் வீட்டுக்காரர் போனபிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அந்தச் சேற்றில்தான்.

ஓடையின் மேல் ஒரு மதகு இருக்கிறது. ஏரிக்குப் போகாத ஆண்கள் காலை நாஷ்டா முடித்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்து பீடி பிடிப்பார்கள். எங்களைப் பார்ப்பது அவர்களுக்கு நல்ல பொழுதுபோக்காகிவிட்டது.

"இன்னா, ஓடைக்குக் கண்ணாலமா? இப்டிச் சிங்காரிக்கிறீங்க," என்று ஒருவன் கேட்டான்.

"ஆமா. மாப்ள நீதான். எறங்கி வந்து தாலி கட்டு," என்றாள் அக்கா.

அவன் இறங்கி வரவில்லை. யாருமே வரவில்லை. இதை நன்றாக நினைவில் வைத்திருக்கிறேன், ஏனென்றால் பின்னால் இது தேவைப்பட்டது.

வேலை கண்ணுக்குத் தெரிகிற அளவு நடந்ததும் ஒரு கம்பெனி அதிகாரி ஜீப்பில் வந்தார். தொப்பி போட்டிருந்தார், நல்லவிதமாகத்தான் பேசினார். பின்னாலேயே ஒரு வேன் நிறையச் செடி. பளபளவென்று சின்ன இலை, ஒரே உயரம். இரண்டு வருடத்தில் காடு மாதிரி நிற்கும், தண்ணீரே வேண்டாம் என்றார். எனக்கு அந்தச் செடியைத் தெரியும். நான் மூடி அழுத்திய கம்பெனியின் கேட் ஓரமாக வரிசையாக நின்றது அது. மதியத்தில் அதன் நிழலில்தான் சாப்பிடுவோம். அதில் ஒரு காக்கை உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"வேணாம் சார்," என்றேன். "ஒரு வெளியூர்ச் செடியப் புடுங்கறதுக்கே கை போச்சு. இன்னொன்ன நட்டு வெக்கறதுக்கு இல்ல."

"பேனர் ரெடி பண்ணிட்டேன்மா. சும்மா புடிச்சிகினு நில்லுங்க, ஒரு போட்டோ எடுத்துக்கறேன். செடிய அப்புறம் பாத்துக்கலாம்."

"எங்க கையில சேறு சார். பேனர் பேஜாராயிடும்," என்றாள் அக்கா.

அவர் பேனரின் ஒரு முனையைத் தான் பிடித்துக்கொண்டு, இன்னொரு முனையை ஓட்டுநர் கையில் கொடுத்து, நாங்கள் பிடுங்கிப் போட்ட வேர்களுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார். ஓடையைக் கம்பெனி சுத்தம் செய்தது என்று ஊரில் சிலர் சொல்வது அந்தப் படத்தைப் பார்த்துத்தான்.

ஓடை வாயில் இருந்த முள் போனதும் மண் இளகியது. மண்வெட்டியால் ஓர் ஆள் அகலத்துக்குத்தான் வெட்டிவிட்டோம். மிச்சத்தைக் கடல் பார்த்துக்கொண்டது. அமாவாசை ஏற்றத்தில் உப்புத் தண்ணீர் அந்தச் சந்துக்குள் நுழைந்து, இரண்டு பக்கமும் மண்ணைக் கரைத்துக்கொண்டு உள்ளே போனது. நாங்கள் கரையிலேயே ஓடினோம், தண்ணீர் எதுவரைக்கும் போகிறது என்று பார்க்க. ஆகாயத்தாமரைக்கு உப்பு ஆகாது. சில நாளில் இலை ஓரம் கருகியது, அப்புறம் மொத்தமாகப் படுத்துவிட்டது. ஆனால் செத்த தாமரை நாறியது. அந்த நாற்றத்தைச் சொன்னால் புரியாது. சோற்றை மூடிவைத்துச் சாப்பிட வேண்டியிருந்தது. அதுவரை ஓடையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவர்களெல்லாம் ஊரை நாறடித்துவிட்டீர்கள் என்று சண்டைக்கு வந்தார்கள். அழுகினதைக் கிழிந்த வலையில் வாரிக் கரையில் போட்டுக் காயவைத்தோம். கையைச் சோப்புப் போட்டு எத்தனை தடவை கழுவினாலும் நாற்றம் போகவில்லை. மகள் என் பக்கத்தில் படுக்க மாட்டேன் என்றாள். படுக்காதே போ என்றேன்.

கரையை வெறுமனே விட்டால் வேலிகாத்தான் திரும்பி வரும். அதனால் அங்கே முன்பு நின்றதையே நட முடிவு செய்தோம். தண்ணீரை ஒட்டி வெண்கண்டல், கொஞ்சம் மேலே தில்லை, அதற்கும் மேலே தாழையும் பூவரசும். கண்டலுக்கு விதை ஏரித் தீவில்தான் கிடைக்கும், அதற்குப் படகு வேண்டும். கொழுந்தன் அழைத்துக்கொண்டு போனான். கேட்டதும் வந்தான், அதை மறைக்க மாட்டேன். மரத்தடியில் தண்ணீரில் மிதந்த விதைகளைச் சாக்கில் அள்ளினோம். அவரை விதை மாதிரி பருத்து, உள்ளே பச்சையாக இருக்கும். கழுத்தளவு தண்ணீரில் நின்று அவனும் அள்ளிக் கொடுத்தான்.

"இதெல்லாம் மொளைக்குமா அண்ணி?" என்று கேட்டான்.

"மொளைக்கலன்னா மறுபடியும் உன்னைத்தான் கூப்புடுவேன் தம்பி."

மறுபடியும் கூப்பிட வேண்டியதாயிற்று. முதலில் நட்டதை மழை வெள்ளம் கொண்டுபோனது. அடுத்து நட்டது முளைத்து நான்கு இலை விட்டதும் ஆடு தின்றது. மூன்றாவது தடவை, காய்ந்து கிடந்த வேலிகாத்தான் முள்ளையே எடுத்து வேலி போட்டோம். அதற்கு நாங்கள் கண்ட ஒரே உபயோகம் அதுதான். தில்லைக் குச்சியை ஒடித்து நடும்போது ஒருத்தியின் கண்ணில் அதன் பால் தெறித்து, நாள் முழுக்கக் கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்தாள். உமரி என்கிற உப்புப் பூண்டை நாங்கள் நடவில்லை. உப்புத் தண்ணீர் வந்ததும் அதுவாகவே வந்து, வெயில் காலத்தில் கரை முழுக்கச் சிவப்பாகப் படர்ந்தது. அடுத்த மழைக்காலம் போனபோது கண்டல் என் முழங்காலைத் தாண்டியிருந்தது. மடவை மீன் கூட்டமாக உள்ளே வந்தது. கொக்கு வந்தது. கொக்கு வந்தால் அதற்குத் தின்ன ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கே நாங்கள் இறங்கினோம்.

என் விரலில் முதல் இறால் துள்ளியபோது அழுதுவிட்டேன். தண்ணீருக்குள் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. எல்லாருக்கும் கிடைத்தது. பெரிதில்லை, ஆனால் கிடைத்தது. பனையோலைப் பறியில் அது குதிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கரைக்கு வந்ததும் அக்கா, முதல் பிடியை ஆத்தாளுக்கு வைக்க வேண்டும் என்றாள். எங்களில் ஒருத்திகூட வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் ஊரில் முதல் பிடியைச் சாமிக்குக் காட்டாமல் உலை வைக்க யாருக்கும் மனசு வராது. எல்லாப் பறியிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து ஒரே பறியில் கொட்டி, மஞ்சள் தெளித்து, ஈரப்புடவையோடு கோயிலுக்கு நடந்தோம். பூசாரி மணி அடித்தார், கற்பூரம் காட்டினார். மதகிலிருந்த ஆண்கள்கூட எழுந்து வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அங்கேதான் மாட்டிக்கொண்டோம். ஏரியில் புது இடம் ஒன்றில் மீன் விழுந்தால், பிடித்தவர்கள் முதல் பிடியைக் கொண்டுவந்து ஆத்தா முன்னால் வைப்பார்கள். வைத்துவிட்டால் அது ஊர்ப் பாடு, சீட்டுக்கு வந்துவிடும். இது எங்களுக்குத் தெரியாததில்லை. ஆனால் அது படகும் வலையும் உள்ள ஆண்களின் சமாசாரம், நம்முடைய தடவலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்றுதான் ஒவ்வொருத்தியும் நினைத்திருந்தோம். நினைத்ததுகூட இல்லை, தோன்றவே இல்லை. இதைத் தப்பு என்று இப்போதும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சாமிக்குக் கொடுத்தது தப்பென்றால் சாமி எதற்கு?

அந்த வாரமே ஊர்க்கூட்டம். ஓடையைப் பாட்டில் சேர்ப்பது பற்றி என்று கொழுந்தன் வந்து சொன்னான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. ஊர்க்கூட்டத்துக்குப் பெண்கள் போவதில்லை, கூப்பிடவும் மாட்டார்கள். நாங்கள் போனோம். கோயில் வாசலில் ஆண்கள் உட்கார்ந்திருந்த ஜமுக்காளத்தின் ஓரத்திலேயே போய் உட்கார்ந்தோம். ஊரை நடத்துகிற நாட்டார் எங்களைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி ஆரம்பித்தார். பிறகு நான் தொண்டையைச் செருமியதும் பார்த்தே ஆகவேண்டியிருந்தது.

"நீங்களே கொண்டாந்து ஆத்தா முன்னால வெச்சீங்க," என்றார். "கற்பூரம் காட்டியாச்சி. இனிமே அது ஊருப் பாடு. இதுல நான் சொல்றதுக்கு இன்னா கீது?"

"ஆத்தாளுக்குத்தான் குடுத்தோம். உங்களுக்குக் குடுக்கல," என்றேன்.

"ஆத்தா எறங்கி எறா புடிப்பாளா? அவளுக்குப் பதிலா ஊருதான புடிக்கணும்."

ஆண்கள் சிரித்தார்கள். அக்கா எழுந்து நின்றாள்.

"முள்ளு புடுங்கறப்ப இந்த ஊரு எங்க இருந்துச்சி? மதகு மேல குந்திகினு பீடி புடிச்சிகினு இருந்துச்சி. நாத்தம் அடிக்கறப்ப எங்க இருந்துச்சி? எங்க ஊட்டு வாசல்ல வந்து நின்னுகினு கத்திகினு இருந்துச்சி."

நாட்டார் குரலைத் தாழ்த்தி, ஏதோ எங்கள் நன்மைக்குச் சொல்வது போலச் சொன்னார்.

"பொம்பளைங்களுக்குப் பாட்டுல பங்கு குடுத்த வழக்கம் எங்கயும் கெடையாதும்மா. நாளைக்குப் பக்கத்து ஊர்க்காரன் கேட்டா நான் இன்னா சொல்றது?"

"எங்களாண்ட வந்து கேக்கச் சொல்லுங்க," என்றேன்.

வழக்கம் என்ற வார்த்தையை அன்று மாலைக்குள் அத்தனை பேரும் சொன்னார்கள். சொல்லிவிட்டு, எங்கள் கண்முன்னாலேயே சீட்டுக் குலுக்கினார்கள். ஓடை வாயில் கட்டுவலை கட்டுவதாகத் திட்டம். ஏற்றம் நின்று தண்ணீர் திரும்புவதற்கு முன்னால் வாயின் குறுக்கே கழி ஊன்றி வலையைக் கட்டிவிட்டால், வற்றத்தில் வெளியே வருகிற எல்லாமே அதில் விழும். கைக்கு ஒன்றும் மிஞ்சாது. கழி ஊன்றுகிற இடமும் நாங்கள் கண்டல் நட்ட இடம். முதல் சீட்டை ஒரு சின்னக் குழந்தையை விட்டு எடுத்தார்கள். கொழுந்தன் பேர் வந்தது. இரண்டு சீட்டு வைத்திருக்கிறவன், வருவதில் அதிசயமில்லை. அவனுக்கு வந்தது என் வீட்டுக்காரருடைய சீட்டா அவனுடையதா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே சட்டி பானை உடைந்திருக்கும்.

வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு மறுபடி வேன் நிறுத்தம் கண்ணில் வந்தது. நின்றுகொண்டே மூடி அழுத்துவது. மகளின் அடுத்த வருடப் படிப்பு. பயந்தேன் என்றே சொல்கிறேன்.

"வழக்கம்னு சொன்னானுங்க இல்ல," என்றாள் கூட நடந்துவந்த அக்கா. "நம்மாண்டயும் ஒண்ணு கீது. நாம தண்ணில இருக்கறப்ப எந்த ஆம்பள எறங்கறான்னு பாக்கறேன்."

பெண்கள் தடவுகிற தண்ணீரில் ஆண்கள் இறங்க மாட்டார்கள். புடவையை முழங்காலுக்கு மேலே தூக்கி, கால் நடுவே இழுத்துச் சொருகிக்கொண்டு, நனைந்த துணியோடு தண்ணீரில் குந்தியிருப்போம். அந்த நேரம் கரையில் போகிறவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவான். படகில் வருகிறவன் தூரத்திலேயே இருமிவிட்டு வேறு பக்கம் தள்ளுவான். யாரும் சட்டம் போட்டதில்லை. ஆனால் மீறினவனுக்கு அவன் வீட்டிலேயே சோறு விழாது.

கொழுந்தனின் பாட்டு நாளில், விடிந்து ஏற்றம் பாதி வருவதற்குள் நாங்கள் எல்லாரும் ஓடை வாயில் இறங்கிவிட்டோம். வாயில் ஆழம் அதிகமில்லை, முழு ஏற்றத்திலும் இடுப்புக்குத்தான். குந்தினால் கழுத்துவரை வரும். பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்வோம், அது மோவாய்க்கடியில் மிதக்கும். இரண்டு கையும் வேலையில் இருக்கும்போது வேறு எப்படிப் பிடிப்பது? அதனால் தண்ணீரில் இருக்கிறவள் பேச முடியாது. என் கொழுந்தன் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு, கழி தூக்க இன்னொருவனோடு வந்தான். எங்களைப் பார்த்ததும் கூட வந்தவன் கழிகளைக் கரையில் போட்டுவிட்டு, வேலை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே போய்விட்டான். கொழுந்தன் நின்றான்.

"அண்ணி, மேல வாங்க," என்றான். "இன்னிக்கு என் பாடு."

நான் பறியைக் கடித்தபடி அவனைப் பார்த்தேன்.

"நானா கேட்டேன்? ஊரு சீட்டு எடுத்துச்சி, எம்பேரு வந்துச்சி. தண்ணி திரும்பறதுக்குள்ள கட்டணும் அண்ணி. மேல வாங்க."

என் கைக்குக் கீழே ஒன்று துள்ளியது. அமுக்கிப் பிடித்து, வெளியே எடுத்து, அவன் பார்க்கப் பறிக்குள் போட்டேன். கழுத்தளவு தண்ணீரில் நின்று எனக்கு விதை அள்ளிக் கொடுத்தவன் அவன். அவன் மட்டும் அன்று ஒரு காலைத் தண்ணீரில் வைத்திருந்தால் ஆண் இறங்கின தண்ணீரில் இருக்கக் கூடாதென்று நான் எழுந்திருக்க வேண்டியிருந்திருக்கும், எங்கள் எல்லாருடைய கதையும் அதோடு முடிந்திருக்கும். அவன் வைக்கவில்லை. திரும்பி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வலையோடு அப்படியே நின்றான். பின்னங்கழுத்து அவன் அண்ணனுடையதைப் போலவே இருந்தது. எனக்கு எழுந்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. எழுந்திருக்கவில்லை.

தண்ணீர் திரும்பியது. கண்டல் செடிகளின் அடி தெரிய ஆரம்பித்தது. இனி வலை கட்டிப் பிரயோஜனமில்லை.

"நாளைக்கு வேற ஆளு பாடு, அண்ணி," என்றான் திரும்பாமலே. "அவன் என்னை மாதிரி நின்னுகினு இருக்க மாட்டான்."

பறியை வாயிலிருந்து எடுத்தேன்.

"நிக்க வேணாம்னு சொல்லு, தம்பி. எறங்கச் சொல்லு. மதகு மேல எல்லாரும் பாத்துகினு இருக்கறப்ப எறங்கச் சொல்லு."

மறுநாள் பாட்டுக்காரன் வந்தான். மதகு வரைக்கும் வந்து, தண்ணீரில் எங்கள் தலைகளைப் பார்த்துவிட்டு அங்கிருந்தே திரும்பினான். அதற்கடுத்தவன் வீட்டைவிட்டே கிளம்பவில்லை, அவன் பெண்டாட்டியும் அன்று எங்களோடு தண்ணீரில் இறங்கியிருந்தாள். ஓடை இன்னும் ஊர்ப் பாட்டில்தான் இருக்கிறது. கோயில் முன்னால் அதற்கும் சேர்த்துத்தான் குலுக்குகிறார்கள். சீட்டு விழுகிறது, வலை விழவில்லை. எங்களில் ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருத்தி இறங்குகிறாள். தீபாவளியன்றும் இறங்கினோம்.

போன வாரம் நாட்டார் என்னை வழியில் நிறுத்தினார். கோபமாக இல்லை, களைத்துப்போய்க் கேட்டார்.

"எத்தினி நாளைக்குமா தண்ணியிலயே குந்திகினு இருப்பீங்க?"

"கடலு ஏறி எறங்கிகினு இருக்கற வரைக்கும்," என்றேன். சொல்லிவிட்டு நிற்கவில்லை. எனக்கு ஏற்றத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.